வயிற்றுக்கு ஏறிய முட்டி வலி

முழங்காலில் இருந்த வலியை வயிற்றுக்கு மாற்றிவிடுவது என்று டைல்ஸ்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இடம், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், இருபத்தெட்டாவது படி.

அதற்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. கையில் பால் பாக்கெட். வலது முட்டி மடங்கின மடக்கிலேயே மாட்டிக்கொண்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. இன்னும் எட்டு படி பாக்கி. மேலே கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி இருந்தாள். மனைவியின் காதும் இருந்தது.

அந்தக் காதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த டப்பாவை மகள் திறக்கிறாள், கணவர் எந்தப் பொய்யை யோசிக்கிறார், எல்லாம் அதற்குக் கேட்கும். படியில் அவர் ஏறிவரும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு வேலை நன்றாக நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டது.

"ஒண்ணுமில்ல, சும்மா."

"படியில சும்மா எதுக்கு நிக்கறீங்க?"

செருப்பு சத்தம் கேட்டது. அவள் வருகிறாள். இன்னும் நாலு விநாடியில் தலை தெரியும். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிற மனுஷன் என்ன சொல்ல முடியும்? பிடித்திருந்த கையை அப்படியே மேலே தூக்கி வயிற்றில் வைத்துக்கொண்டார். குனிந்தது குனிந்தபடியே இருந்தது.

"வயிறு!" என்றார்.

"வயிறா?"

"வலிக்குதும்மா. அப்படியே பிடிச்சுக்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

அவள் மேலிருந்து அவரைப் பார்த்தாள். முதலில் முகத்தை, அப்புறம் வயிற்றை, அப்புறம் காலை. கடைசியில் இறங்கிவந்து பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

"மெதுவா வாங்க," என்றாள். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. டைல்ஸ்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது. கேள்வி கேட்கிற மனைவியைச் சமாளிக்கலாம். கேட்காதவளை என்ன செய்வது?

முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம்தான். அப்படிச் சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும். அவரோ வீட்டில் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போய்வந்துவிட்டார். அதுதான் சிக்கலே.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முட்டியும் தரையில். பின்னால் இருந்த ரசமட்டத்தை எடுக்கலாம் என்று திரும்பினார். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். அன்றிலிருந்து வலது முட்டியைத் தரையில் ஊன்றுவதில்லை. இடது முட்டியில் மட்டும் மண்டி போட்டு, வலது காலைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு, ஒரு மாதிரி நண்டு போல நகர்ந்து நகர்ந்து வேலை பார்த்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு வேன்காரர்தான் அவரை முட்டி டாக்டரிடம் கூட்டிப்போனார். குகை மாதிரி ஒரு மிஷினுக்குள் காலை விட்டுப் படமெல்லாம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"முட்டிக்குள்ள ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. உங்களுக்கு அது கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு கதவிடுக்குல துணி சிக்கின மாதிரி சிக்கிக்குது. அதான் கால் மாட்டிக்குது."

"மாத்திரை குடுங்க டாக்டர்."

"மாத்திரைக்குப் போகாது. சின்னதா ரெண்டு துளை போட்டு, ஒண்ணுல கேமரா, இன்னொண்ணுல கருவி விட்டு, தைக்க முடிஞ்சா தைப்போம், இல்லேன்னா அந்தத் துண்டைச் சீவி எடுத்துடுவோம். மறுநாள் வீட்டுக்குப் போகலாம்."

"துளையா?"

"பயப்படாதீங்க. ரொம்பச் சின்னது. ஆனா தள்ளிப்போடாதீங்க. இப்படியே மாட்டி மாட்டி மிச்சமும் கிழிஞ்சா, அப்புறம் மண்டி போடறதையே மறந்துட வேண்டியதுதான்."

மற்றவர்களுக்குத் துளை என்பது ஒரு சொல். டைல்ஸ்காரருக்கு அது தினசரி நெஞ்சடைப்பு. பன்னிரண்டு வருஷமாகக் குழாய்க்கும் ஆணிக்கும் டைல்ஸில் துளை போடுகிறார். தண்ணீர் விட்டு, மூச்சை அடக்கி, பிள்ளைத் தலையைத் தொடுவது போல டிரில்லை வைப்பார். அப்படியும் நூற்றுக்கு ஒன்று விரிந்துவிடும். மூலைக்கு மூலை மயிரிழை விரிசல் ஓடும். சரி, டைல்ஸ் விரிந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். முட்டிச் சில்லுக்கு எந்தக் கடைக்குப் போவது? அதே டிசைன் கிடைக்குமா?

அதனால் முட்டி டாக்டரின் ஃபைலை வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, என் வீட்டுல மட்டும் தெரியக்கூடாது."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. வேன் மேல சத்தியம்," என்றார் வேன்காரர்.

வேன்காரர் நல்லவர். ஆனால் அந்த வேனோ பாதி நாள் கிளம்பாது.

செவ்வாய்க்கிழமை முழுக்க டைல்ஸ்காரர் யோசித்துப் பார்த்தார். வயிற்று வலி ஒன்றும் மோசமான யோசனை இல்லை. வலித்தால் குனியலாம், நொண்டலாம், உட்கார்ந்துவிடலாம். முக்கியமாக, வயிற்றுக்குக் கத்தி இல்லை. ஏதோ ஜெல்லியைத் தடவி வெளியிலிருந்தே பார்ப்பார்களாம். பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வாயு என்று அனுப்பிவிடுவார்கள். அதற்குள் முட்டி தானாகச் சரியாகிவிடும். அவர் கணக்கு அது.

புதன்கிழமை முதல் அடி விழுந்தது. காலைச் சாப்பாட்டுக்கு அவர் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது. உப்பில்லாத கஞ்சி.

"என்னம்மா இது?"

"வயிறு வலிக்குதுன்னு சொன்னீங்களே. வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்."

"இப்போ கொஞ்சம் பரவால்ல."

"பரவால்லயா? அப்போ டாக்டர் வேண்டாம். மேல ஏறித் தண்ணி டேங்க்கைக் கழுவிட்டு வந்துடறீங்களா?"

"அய்யோ, திரும்பப் பிடிச்சுக்கிச்சு," என்று கஞ்சியைக் குடித்தார்.

மத்தியானமும் கஞ்சி. சாயங்காலமும் கஞ்சி. மனைவியும் மகளும் அவர் எதிரிலேயே பொரித்த மீன் சாப்பிட்டார்கள். நாலு வயது மகள் கையைக் கழுவிவிட்டு நேராக அவர் முதுகுக்கு வந்தாள். தினமும் அந்த நேரத்தில் அவர் குதிரை; இப்போதெல்லாம் நின்றபடியே சுமக்கிற குதிரை.

"அப்பா, குதிரை!"

"குதிரைக்கு வயித்து வலிடா கண்ணு."

"குதிரைக்கு முட்டியில என்ன?"

டைல்ஸ்காரருக்குக் கஞ்சி புரையேறியது. "முட்டியா? முட்டியில என்ன? ஒண்ணுமில்லயே?"

"அம்மா சொன்னாங்க, குதிரை கீழ உக்காரவே மாட்டேங்குதுன்னு."

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். முள்ளை எடுக்கிற அந்த நிதானம் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். போகட்டும், வயிற்றில் என்ன இருக்கிறது என்று ரத்தம் சொல்லும். அடுத்து அவரைப் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றி, நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டினார்கள்.

"வயித்து வலிக்கு எதுக்கும்மா நெஞ்சுல ஒயரு?"

"வயித்துக்கு மேலதானே நெஞ்சு இருக்கு," என்றாள் மனைவி.

சரியாகத்தான் பட்டது. நெஞ்சு மேலேதான் இருக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. பொய்யாகச் சொன்ன வயிறு நிஜமாகவே கலக்க ஆரம்பித்தது. ஸ்கேனில் உண்மையாகவே ஏதாவது இருந்துவிட்டால்? கல்? கட்டி? தொடாத இடத்தைத் தோண்டப்போய்ப் பைப்லைன் உடைந்த வேலைகளை அவர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் மனைவியும் புரண்டு புரண்டு படுத்தாள். சும்மா இருக்காமல் இவளையும் பயப்படுத்திவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தது.

"நாளைக்குக் காலையில ஸ்கேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக்கூடாது. காலையில ஆறு மணிக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது."

"கஞ்சி?"

"கஞ்சிக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

சனிக்கிழமை காலை மகளை வேன்காரர் வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் வேனில் கிளம்பினார்கள். டைல்ஸ்காரருக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. வேன்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"ஸ்கேன்னா தண்ணி நிறைய குடிக்கணுமே தம்பி. எங்க வீட்டுல அவளுக்கு வயித்துல ஸ்கேன் எடுத்தப்ப ரெண்டு பாட்டில் குடிக்கச் சொன்னாங்களே? அடக்கிக்கிட்டு உக்கார முடியாம அவ..."

"அண்ணா," என்றாள் மனைவி, "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

வேன்காரர் ரோட்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வருகிறவரைக்கும் ரோட்டை மட்டுமே பார்த்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஏழெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் பாட்டில். குடிக்கிறார்கள், எழுந்து நடக்கிறார்கள், திரும்பக் குடிக்கிறார்கள். ஒரு பெரியவர் கதவைத் தட்டி, "அம்மா, நெறஞ்சிடுச்சும்மா, இதுக்கு மேல என்னால முடியாது," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அவங்கல்லாம் குடிக்கறாங்களே?" என்றார் டைல்ஸ்காரர்.

"அவங்களுக்கு அடிவயிறு. உங்களுக்கு மேல்வயிறு."

"எனக்கு மொத்த வயிறும்னுதானே சொன்னேன்?"

"மேலேர்ந்து ஆரம்பிப்பாங்க," என்றாள். இவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் எங்கிருந்துதான் வருகிறதோ.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே பாதி இருட்டு. குளிர். ஸ்கேன் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேல் பார்த்து, படுக்கச் சொன்னார். வயிற்றில் ஜெல்லி விழுந்தது. அந்தச் சில்லிப்பில் அவருக்கு உயிர் ஒரு தடவை போய் வந்தது.

"இது என்ன பண்ணும் டாக்டரம்மா?"

"ஒண்ணும் பண்ணாது. இது சத்தத்தை உள்ள அனுப்பும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள பட்டுத் திரும்பி வர்றதைப் படமாக் காட்டும். எங்க கல் இருக்கு, எங்க தண்ணி இருக்குன்னு சொல்லிடும்."

டைல்ஸ்காரர் தலையைத் தூக்கி மிஷினைப் பார்த்தார். சத்தமா? சத்தத்தை வைத்தா கண்டுபிடிக்கிறார்கள்? ஒட்டின டைல்ஸைக் காசால் தட்டித் தட்டி, கீழே காலியாக இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கண்டுபிடிக்கிறவர் அவர். பூச்சு எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மிஷின் தன் பொய்யைத் தட்டிப் பார்த்துவிடப்போகிறது என்று அவருக்கு வேர்த்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. ம்... கல்லீரல் நல்லா இருக்கு."

அவர் முகம் தொங்கியது.

"பித்தப்பை சுத்தம். கல் எதுவும் இல்ல."

இன்னும் தொங்கியது.

"கிட்னி ரெண்டும் அழகா இருக்கு."

தனக்கு அழகான கிட்னி இருப்பதை நினைத்து இவ்வளவு வருத்தப்பட்ட ஆள் அந்த அறையில் அதற்கு முன்னால் படுத்திருக்க மாட்டார். மூலையில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டரம்மா ஒவ்வொரு 'நல்லா இருக்கு' சொல்லும்போதும் ஒரு விரல் தளர்ந்தது.

"எங்க வலிக்குது? இங்க அழுத்தினா?"

"அய்யோ! அம்மா!"

"நான் இன்னும் கை வெக்கவே இல்லயே."

"வெக்கப்போறீங்கன்னு தெரிஞ்சிடுச்சு."

"சரி. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

இடது பக்கம் திரும்பினார். திரும்பும்போது வலது கால் மேலே வந்து மடங்கியது. மடங்கின இடத்தில் 'டக்'. முட்டி மாட்டிக்கொண்டது. உச்சந்தலை வரைக்கும் வலி போனது.

"அய்யய்யோ வயிறு! வயிறு! வயிறு!" என்று கத்தினார்.

வாய் வயிறு என்று கத்தியது. இரண்டு கையும் முட்டியைப் பிடித்திருந்தது.

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஜெல்லியைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். "ஸ்கேன்ல ஒரு குறையும் இல்ல. ஆனா ஸ்கேன்ல இரைப்பையோட உள்பக்கம் சரியாத் தெரியாது. நிஜமாவே இவ்வளவு வலி இருந்தா, வாய் வழியா கேமரா வெச்ச குழாயை விட்டுத்தான் பாக்கணும்."

"வாய் வழியாவா?"

"அது எவ்வளவு நீளம் இருக்கும் டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். ஏதோ துணிக்கடையில் கேட்கிற மாதிரி.

"ஒரு மீட்டர் இருக்கும்."

ஒரு மீட்டர்! டைல்ஸ்காரருக்கு நீளம் சொன்னால் போதும், கண்ணில் தெரிந்துவிடும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸை வரிசையாக வைத்தால் ஒன்றரைக்கு மேல் போகும். அவ்வளவையும் தொண்டை வழியாகவா?

"இன்னைக்கே பாத்துடலாம் டாக்டர்," என்றாள் மனைவி. "வெறும் வயித்தோடதான் இருக்கார். பாவம், அஞ்சு நாளா துடிக்கறார்."

இரண்டு சின்னத் துளையா, ஒரு மீட்டர் குழாயா? டைல்ஸ்காரர் ஜெல்லியோடு எழுந்து உட்கார்ந்தார்.

"முட்டி!" என்றார். "வயிறு இல்ல! வயித்துல ஒண்ணும் இல்ல! வலிக்கறது முட்டி! வலது முட்டி! ஒன்றரை மாசமா முட்டிதான்!"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர்," என்றாள் மனைவி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வயித்துல நிச்சயமா எதுவும் இல்லதானே?"

"நிச்சயமா இல்லம்மா."

அப்போதுதான் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். நெற்றியைத் துடைக்கிறாளா, கண்ணைத் துடைக்கிறாளா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. துடைத்து முடித்துக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். அதே பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். நீல நிற ஃபைல். வேன் சீட்டுக்கு அடியில் இருக்கவேண்டிய ஃபைல்.

"நாலாவது மாடி," என்றாள். "பதினோரு மணிக்கு ஆபரேஷன். முட்டி டாக்டர்கிட்ட புதன்கிழமையே பேசிட்டேன்."

"வேன்காரர் சொல்லிட்டாரா? சத்தியம் பண்ணாரே!"

"சத்தியத்தைக் காப்பாத்திட்டார். வாயே திறக்கல. ஃபைலை எடுத்து நீட்டிட்டு ஓடிட்டார்."

"ஆபரேஷன்னா வெறும் வயித்துல இருக்கணும், தெரியுமா? அப்படியெல்லாம் திடீர்னு..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நின்றுவிட்டார். ராத்திரி எட்டு மணி. காலை ஆறு மணி. ரத்தம். நெஞ்சில் ஒயர். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. இவ்வளவு நேர்வரிசையாக அவரே டைல்ஸ் ஒட்டினதில்லை.

"பட்டினி போட்டது ஸ்கேனுக்கு இல்லயா?"

"ஸ்கேனுக்கும்தான்."

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்தாள். பதினொன்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"பள்ளிக்கூட ஹால் வேலை இருக்கும்மா. பெரிய வேலை. நான் படுத்துட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"காண்ட்ராக்டருக்குப் போன் பண்ணிட்டேன். பரீட்சை முடிஞ்சு லீவு விட்ட பிறகுதான் ஆரம்பிக்கறாங்களாம். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நீங்க தேதியே கேக்கலியாமே?"

கேட்கவில்லைதான். ஆயுதம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது பயம் மட்டும்தான். அதை எடுத்து வெளியே வைத்தார்.

"துளை போட்டா விரிஞ்சிடும்மா," என்றார் மெதுவாக. "நான் பாத்திருக்கேன். எவ்வளவு பதமாப் போட்டாலும் நூத்துல ஒண்ணு விரியும். அந்த ஒண்ணு நானா இருந்துட்டா? அப்புறம் எந்தத் தரையில மண்டி போட்டு உங்க ரெண்டு பேருக்கும் சோறு போடுவேன்?"

அவள் பெஞ்சுக்குக் கீழே தரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் தரை, டைல்ஸ் போட்டது. செருப்பு நுனியால் ஒரு டைல்ஸைத் தட்டினாள். அப்புறம் பக்கத்து டைல்ஸைத் தட்டினாள்.

"இது கீழ காலியா இருக்குல்ல?"

அவர் காது தானாக நிமிர்ந்தது. "ஆமா. மூலையில கலவையே போடல. அவசரத்துல ஒட்டியிருக்கான்."

"அப்படியே விட்டா என்ன ஆகும்?"

"ஒருநாள் யாராவது வெயிட்டா மிதிப்பாங்க, நடுவுல உடையும். பக்கத்துல இருக்கறதையும் தூக்கிக்கிட்டுப் போகும். இப்பவே எடுத்து, அடியில சுத்தம் பண்ணி, திரும்ப..."

நிறுத்தினார். அவள் சொல்லவேண்டியதை அவரே சொல்லி முடித்துவிட்டாரே.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் எதுக்கு என்னை வயித்து ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்த? நேரா நாலாவது மாடிக்கே போயிருக்கலாமே?"

"பொய்னு தெரியும்," என்றாள். "ஆனா ஒருவேளை அதுவும் நெசமா இருந்துட்டா? முட்டியை மறைச்ச ஆள் வயித்தை மட்டும் முழுசாவா சொல்லியிருப்பார்? அதை நெனச்சு நெனச்சு நான் தூங்கியே அஞ்சு நாளாச்சு. நம்ம வீட்டுல நெசமா வயித்தைக் கலக்கினது எனக்குத்தான்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தூங்கலேன்னா எழுப்பியிருக்கலாமே," என்றார். "நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும். தூங்கற மாதிரி நீங்க விடற குறட்டை வேற மாதிரி இருக்கும்."

முட்டி டாக்டர் வந்தார். பச்சை உடுப்பைப் போட்டுப் படுத்திருந்த டைல்ஸ்காரரின் வலது தொடையில் பேனாவால் முட்டியைப் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டார்.

"இது எதுக்கு டாக்டர்?"

"கால் மாறிடக்கூடாதுன்னு."

டைல்ஸ்காரருக்கு அதுவரை இல்லாத ஒரு தெம்பு வந்தது. டைல்ஸுக்குப் பின்னால்கூட அம்புக்குறி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே திசையில் பார்த்து ஒட்டவேண்டும். அம்பைக் கவனிக்கிறவன் ஒழுங்கான வேலைக்காரன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அதனால் விழித்துக்கொண்டே கிடந்தார். பக்கத்தில் டிவி மாதிரி ஒன்றில் அவர் முட்டியின் உள்பக்கம் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் பிசிறு தொங்கியது. டாக்டர் அதைச் சீவிச் சீவி எடுத்தார்.

"டாக்டர், இடது ஓரத்துல இன்னும் கொஞ்சம் தூக்கிட்டு இருக்கே," என்றார் டைல்ஸ்காரர்.

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் படுங்க."

ஆனால் டாக்டர் அந்த ஓரத்தையும் சீவினார். துளை இரண்டும் விரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் முடியப்போகும் நேரம். காலை மடக்கி நீட்டிப் பயிற்சி எல்லாம் ஆகி, முட்டி டாக்டரே மண்டி போடலாம் என்று சொல்லிவிட்டார். முதல் மண்டி மகளுக்கு. குதிரை கூடத்தை மூன்று தடவை சுற்றிவந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூட ஹாலில் வேலை ஆரம்பம்.

வேலைக்கு முந்தின சாயங்காலம் மனைவி அவர் முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தாள். உள்ளே புத்தம்புது முட்டி மெத்தை ஒரு ஜோடி. தரையில் மண்டி போடும்போது முட்டியில் கட்டிக்கொள்வதற்கு.

"பழசு நல்லாத்தானே இருக்கு?"

முட்டியில் 'டக்' கேட்ட வாரம்தான் வாங்கிய பழைய ஜோடியையும் அவள் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். இடது மெத்தை தேய்ந்து தேய்ந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. வலது மெத்தை கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல இருந்தது.

"ரெண்டு முட்டியையும் ஊன்றவருக்கு ஒரு மெத்தை மட்டும் தேயுமா?" என்றாள். "நீங்க படியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஞாயித்துக்கிழமை இதைத் துவைக்கும்போதே தெரிஞ்சிடுச்சு."

டைல்ஸ்காரர் மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் செவ்வாய்க்கிழமை, இருபத்தெட்டாவது படியில், அவர் அந்தப் பெரிய முடிவை எடுத்தபோதே அவள் மேலே தயாராக இருந்திருக்கிறாள். குடித்த கஞ்சியெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"இனிமே வாரா வாரம் ரெண்டையும் இப்படிப் பக்கத்துல வெச்சுப் பாப்பேன்," என்றாள். "ரெண்டும் ஒரே மாதிரி தேயணும். ஒண்ணு தேஞ்சு ஒண்ணு தேயாம இருந்துச்சுன்னா, அன்னைக்கே நாலாவது மாடி."

"சரிம்மா," என்று நல்லபிள்ளையாகத் தலையாட்டினார். தலை ஆடி நிற்பதற்குள் அவர் கண், தானாக, பால்கனியின் சுண்ணாம்படித்த சொரசொரப்பான சுவர்மேல் போய் விழுந்தது.

"சுவத்துல தேய்ச்சா மெத்தை வெள்ளையாயிடும்ங்க," என்றாள் அவள், துணியை மடித்துக்கொண்டே. "நான் தேய்ச்சுப் பாத்துட்டேன்."